திருச்சி – பலாலி: 183 கிலோமீட்டர்

திருச்சி விமான நிலையம் வடக்கே 10 பாகை 45.9 கலை, கிழக்கே 78 பாகை 42.9 கலையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி வடக்கே 9 பாகை 47.5 கலை, கிழக்கே 80 பாகை 4.2 கலை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. இந்த எண்கள் கையில் இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்கக் கணினி வேண்டாம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமும் ஒரே ஒரு கோசைன் மதிப்பும் போதும். வடக்கு தெற்காக வித்தியாசம் 58.4 கலை. கிழக்கு மேற்காக 81.3 கலை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்குவதால் இந்த இரண்டாவது எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, நம் அட்சரேகைக்கு உரிய 0.984ஆல் பெருக்க வேண்டும். 80 வருகிறது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 99. பூமியின் மேல் ஒரு கலை நீளம்தான் ஒரு கடல் மைல். அது 1,852 மீட்டர். ஆக 99 கடல் மைல், அதாவது 183 கிலோமீட்டர்.

பூமி உருண்டை என்பதையும், அந்த உருண்டையும் சற்றே தட்டையானது என்பதையும் இந்தக் கணக்கு சட்டை செய்வதில்லை. நடுக்கோட்டில் 6,378 கிலோமீட்டராக இருக்கும் ஆரம் துருவத்தில் 6,357ஆகக் குறைகிறது. லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ தூரம் பார்க்கிறவர்கள் அதையெல்லாம் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இவ்வளவு குறுகிய தூரத்தில் அதனால் வரும் பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் வளைவு இருக்கத்தான் செய்கிறது. திருச்சி ஓடுதளத்திலிருந்து பலாலி ஓடுதளத்துக்கு வளையாத கம்பி ஒன்றை நேராகச் செருகினால், நடுவழியில் அது கடல்மட்டத்துக்கு 660 மீட்டர் ஆழத்தில் போகும்.

ஓர் எண் கிடைத்ததும் அதைத் தெரிந்த எதனோடாவது வைத்துப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கிறது. திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் இதே முறையில் தூரம் போட்டுப் பார்த்தேன். 185 கிலோமீட்டர் வந்தது. திருச்சிக்காரர்களுக்குக் கோவையைவிட யாழ்ப்பாணம் இரண்டு கிலோமீட்டர் கிட்ட. இது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோவை எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. கோவையில் பெண் எடுத்திருக்கிறோம், பையனைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறோம், கண் ஆபரேஷனுக்குப் பெரியவர்களை அழைத்துப் போயிருக்கிறோம். நடுராத்திரியிலும் பேருந்து நிலையத்தில் கோவை வண்டி நின்றுகொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தை இப்படிப் பக்கத்து ஊராக நினைத்துப் பேசிய ஒருவரையும் என் தலைமுறையில் திருச்சியில் நான் சந்தித்ததில்லை. துபாயும் சிங்கப்பூரும் எங்கள் பேச்சில் அதைவிடக் கிட்ட இருக்கின்றன.

வரைபடத்தில் கோட்டை இழுத்துப் பார்த்தால் அது தென்கிழக்காக இறங்குகிறது. கந்தர்வகோட்டையை ஒட்டிப் போகிறது. அந்த இடத்தில் விமானத்தின் இடப்பக்கத்து ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு வடகிழக்கில் தஞ்சாவூர். பிறகு பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே தென்னந்தோப்புகளின் மேல் போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேரோடு சாய்த்த தோப்புகள் இவை. மறுபடி வைத்த கன்றுகள் இப்போது மரமாகிவருகின்றன. மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கரை முடிகிறது. அதுவரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மீதி 90 சொச்சமும் கடல். பாதி நிலம், பாதி நீர் என்று அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. கடல் பாதியில், பலாலிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் இருக்கும்போது, 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் வரையப்பட்ட எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. விமானம் அதைத் தாண்ட அனுமதி உண்டு. இந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறை அந்தப் பக்கத்து அறையிடம் விமானத்தை ஒப்படைத்துவிடும். கீழே இழுவைமடிப் படகில் போகிறவர் தாண்டினால் கைது, படகு பறிமுதல். மறுகரையில் வலை அறுந்து நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவருக்கும் அந்தக் கோடுதான் ஒரே பிடிமானம். மேலிருந்து பார்க்கிறவருக்குத் தண்ணீரில் எந்தக் கோடும் தெரியாது.

ஒரு பாகை இவ்வளவு நீளம் என்று இன்றைக்கு நாம் யோசிக்காமல் எழுதுகிறோமே, அதற்காக உடம்பு நோக உழைத்தவர்கள் இந்த மண்ணில் நடந்திருக்கிறார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலையடியில் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாமென்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் பக்கத்தில் வெப்பமானிகள். ஏழரை மைலை, நம் கணக்கில் 12 கிலோமீட்டரை, அளந்து முடிக்க 57 நாட்கள். இன்று அதே பரங்கிமலையின் அடிவாரத்தில்தான் சென்னை விமான நிலையம் இருக்கிறது. அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே வந்தார்கள். காவிரிச் சமவெளி தட்டையானது. முக்கோணத்தின் முனைகளாக நிறுத்தக் குன்றுகள் இல்லை. கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில், அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளையம் நசுங்கியது. லாம்டன் ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, அந்த வட்டத்துக்குள் வளையத்தை ஆப்பும் திருகும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம் பிடித்தது. அரசாங்கத்துக்கு நில வரைபடம் வேண்டியிருந்தது. அவருக்குப் பூமியின் உருவம் தெரிய வேண்டியிருந்தது. கந்தர்வகோட்டைக்கு மேலே போகும் விமானத்தின் திசைகாட்டித் திரையில் ஒளிரும் எண்களுக்குள் அந்த ஆறு வாரத்துக்கும் ஒரு பங்கு இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

தூரம் இப்படித் தீர்ந்துவிடுகிறது. நேரத்துக்கு வந்தால் அப்படித் தீர்வதில்லை.

இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72, இரண்டு விசிறிகள் உள்ள சிறிய விமானம். முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். 183ஐ 500ஆல் வகுத்தால் 22 நிமிடம். பயணச்சீட்டிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், விமானக் கம்பெனிகளின் கணக்கில் நேரம் தரையிலேயே தொடங்குகிறது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுக்கும் நொடியில் ஆரம்பம், மறுமுனையில் கட்டையைத் திரும்ப வைக்கும்போது முடிவு. நடுவில் ஓடுதளத்தின் முனைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கியபின் திரும்பி வருவது எல்லாம் அடக்கம். அதோடு 500 என்பது சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். இந்த வழியில் சமமாகப் பறக்க இடமே அதிகமில்லை. 15,000 அடிக்கு ஏறிமுடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பட்டுக்கோட்டைப் பக்கம் வந்துவிடும். அந்த உயரத்திலிருந்து முறையாக இறங்க 45 முதல் 50 கடல் மைல் வேண்டும். மொத்தமே 99. ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்க வேண்டியதுதான்.

காற்றும் தன் பங்குக்கு நிமிடங்களை எடுத்துக்கொள்கிறது. விமானம் எதிர்க்காற்றில் ஏறும், எதிர்க்காற்றில் இறங்கும். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காக இருக்கிறது, பலாலி ஓடுதளம் வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் குறுக்காக. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் திருச்சியில் மேற்கு நோக்கி ஏறி, போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிச் சற்றுத் தூரம் போய்த்தான் திரும்பியாக வேண்டும். மறுமுனையில் பலாலியைத் தாண்டிக் கடல்பக்கமாகச் சுற்றிவந்து இறங்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கி நேராகவே கிளம்பிவிடலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் தெற்கே வந்து, கட்டுவன், குரும்பசிட்டிப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களின் மேலாக இறங்க வேண்டியிருக்கும். கட்டுவன் என்ற பெயரை இங்கே காரணத்தோடுதான் சொல்கிறேன். பின்னால் வருகிறது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு ஊருக்கும் உள்ள தீர்க்கரேகை வித்தியாசத்தைச் சூரியன் கடக்க 5 நிமிடம் 25 விநாடி ஆகிறது. பலாலியில் உச்சி வந்து அவ்வளவு நேரம் கழித்துத் திருச்சியில் உச்சி. இயற்கை இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வைத்த வேறுபாடு அவ்வளவுதான். மனிதர்கள் வைத்தது இன்னும் கூடுதல். 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரமும், அதே ஆண்டில் திருத்தி அரை மணி நேரமாகவும் முன்தள்ளியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, ஒரே தீவில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் திருப்ப வேண்டும். அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் யாழ்ப்பாண நகரம் ஒரு நேரத்திலும், அதற்குத் தெற்கே கிளிநொச்சி திருச்சியின் நேரத்திலும் இருந்தன.

இந்த வழியின் நேர அட்டவணையை ஆண்டுவாரியாக அடுக்கினால் அதுவே ஒரு சரித்திரமாகிவிடும். பலாலி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட களம். சுதந்திரத்தை ஒட்டி ஏர் சிலோன் தொடங்கியபோது, 1947 டிசம்பர் 10இல் அதன் முதல் டகோட்டா இரத்மலானையிலிருந்து கிளம்பிப் பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. அந்த நாட்டின் முதல் விமானக் கம்பெனியின் முதல் பயணமே யாழ்ப்பாணம் வழியாகத் தமிழ்நாட்டுக்குத்தான். பிறகு பலாலியிலிருந்து திருச்சிக்கும் பறந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் பேசினால் திருச்சிக்கு வந்து சேலை எடுத்ததையும், ஸ்ரீரங்கம் பார்த்ததையும், புதுப்படம் பார்த்துவிட்டுத் திரும்பியதையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். அவர்கள் பேச்சில் திருச்சி தூர ஊராக இருந்ததே இல்லை. 1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் போர் மூண்டது. 1990இல் பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி, குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். களம் இராணுவத்தின் கைக்குள் இருந்தது.

அதற்குப்பிறகு திருச்சிக்கு வரவேண்டிய யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் எதிர்த் திசையில் போக வேண்டும். கொழும்புக்குச் சாலைவழி கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு 417 கிலோமீட்டர் வானவழி. 183க்குப் பதில் 800க்கு மேல், நாலு மடங்குக்கும் கூட. அதுவும் ஏ-9 சாலை திறந்திருந்தால். அது மூடிக்கிடந்த ஆண்டுகளில் அனுமதிச் சீட்டுக்கு வரிசை, கப்பலுக்கு வரிசை, விமானத்துக்கு வரிசை. 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் அன்டனோவ் விமானம் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே மன்னார்க் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர். இரணைதீவுப் பக்கம் கடலடியில் அதன் சிதைவைக் கண்டெடுத்தது 2012இல். பதினான்கு ஆண்டுகள் அந்த விமானத்தின் வருகை நேரத்துக்காகச் சில வீடுகளில் காத்திருந்தார்கள் என்பதை எழுதும்போதே கை தயங்குகிறது.

2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னையிலிருந்து முதல் விமானம் இறங்கியது. சில மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் சென்னைச் சேவை திரும்ப வந்தது. 2025 மார்ச் 30இல் திருச்சி – பலாலி விமானம் தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் நான் இந்தக் கோணங்களையும் கலைகளையும் தேடி எடுத்தேன். அதே ஆண்டு ஏப்ரலில், விமான நிலையத்தின் அருகே ஓடும் பலாலி – வசாவிளான் சாலையை 35 ஆண்டுகளுக்குப் பிறகு, பகலில் மட்டும், நிபந்தனைகளோடு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 183 கிலோமீட்டர் வானம் திறந்த பிறகே அந்தச் சிறு சாலை திறந்தது.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு இருக்கிறது. புதுக்கோட்டைச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இலங்கைத் தமிழர் முகாம். அகதிகள் முகாம் என்று இருந்ததை 2021இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உண்டு. ஆனால் பலாலிக்கு விமானம் கிளம்பும் ஓடுதளத்தின் காதுகேட்கும் தூரத்தில், பலாலியைச் சுற்றிய ஊர்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வாழ்வது இங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அந்த முகாமில் பிறந்தவன், பொறியியல் படித்தவன். அவன் வீட்டுக்குப் போனபோது அவனுடைய அம்மம்மாவிடம் பேச வாய்த்தது. கட்டுவன்தான் அவருடைய ஊர். புகையிலையும் வெங்காயமும் போட்ட தோட்டம், கிணறு, கல்வீடு. 1990 ஆனி மாதம் ஷெல் விழத் தொடங்கியதும் உடுத்த துணியோடு வெளிக்கிட்டார்கள். கோயிலில், பள்ளிக்கூடத்தில், உறவினர் வீட்டுத் திண்ணையில் என்று தங்கித் தங்கி மன்னாருக்கு வந்து, இரவில் படகேறி, தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, மண்டபம் முகாம் வழியாகத் திருச்சி.

“எவ்வளவு காலம் ஆச்சும்மா, ஊரிலேர்ந்து இங்க வந்து சேர?” என்று கேட்டேன்.

“ஆனியில வெளிக்கிட்டது தம்பி. இஞ்ச வந்து சேரேக்க மாசி பிறந்திட்டுது.”

எட்டு மாதம். 183 கிலோமீட்டர். இதைவிடக் கறாரான நேரக் கணக்கை நான் எந்த அட்டவணையிலும் பார்த்ததில்லை.

பலாலி விமானம் போவது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன. “உந்த விசிறி வைச்ச பிளேன்தானே? சத்தம் வேறயா இருக்கும். ஆனா மெட்ராசுக்குப் போறதும் அதேமாதிரித்தான் கத்திக்கொண்டு போகுது. எது எங்கட ஊருக்குப் போறதெண்டு எனக்கு விளங்காது. எல்லாத்தையும் ஒருக்கா அண்ணாந்து பார்க்கிறது.” பிறகு தானே சொன்னார்: “நான் இஞ்ச உலை வைச்சுச் சோறு வடிச்சு இறக்கிறதுக்குள்ள அது அங்க போயிடும் எண்டு பேரன் சொல்லுறான். உண்மையே தம்பி?” உண்மைதான் என்றேன். சோளகக் காலத்தில் கடல்பக்கமாகச் சுற்றும், வாடைக் காலத்தில் உங்கள் கட்டுவன் பக்கமாக இறங்கும் என்று வரைந்து காட்டினேன். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஓடுதளத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, “இதில ஒரு ஆலமரம் நிண்டது, அதுக்கு இங்கால எங்கட காணி” என்றார். அவர் விரல் வைத்த இடம் இன்னும் வேலிக்குள் இருக்கிறது. பேரன் உள்ளேபோய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தான். காணி உறுதி, நம் பேச்சில் நிலப் பத்திரம். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டியது. படகில் வரும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாராம். கட்டுத்தாலியை வழியில் விற்றிருக்கிறார், இதை நனையவிடவில்லை.

அவருடைய பயண நேரத்தை ஒழுங்காகக் கணக்கிட வேண்டுமானால் எதிலிருந்து தொடங்குவது? கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர். ஊர் திரும்புவதென்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் எடுக்க வேண்டும்; இங்கே வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும்; முகாம் பதிவிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். ஐ.நா. அகதிகள் ஆணையம் திரும்புகிறவர்களுக்கு உதவிவந்திருக்கிறது. மாதங்கள் ஆகலாம், ஆண்டும் ஆகலாம். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளென்றால் முதலில் அவர்களை இலங்கைக் குடிகளாகப் பதிய வேண்டும். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடம் இல்லை. 2025 செப்டம்பரில் இந்திய அரசு ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழ் அகதிகளை, ஆவணம் இல்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று. நல்லதுதான். அதுவும் இங்கே இருப்பதற்கான நிம்மதி, போய்வருவதற்கான வழி இல்லை.

சிக்கலின் முடிச்சு அந்தப் போய்வருவதில்தான் இருக்கிறது. நமக்கெல்லாம் விமானக் கம்பெனி போகவரச் சேர்த்தே சீட்டு விற்கிறது. சுற்றுலா விசாவில் நல்லூரைப் பார்த்துவிட்டு வார இறுதிக்குள் திரும்பிவிடலாம். முகாமிலிருந்து அனுமதி வாங்கிப் போகிறவர் முகாமுக்குத் திரும்ப முடியாது. இந்த அம்மாவுக்கு இரண்டு மகள்கள் இங்கே, பேரப்பிள்ளைகள் இங்கே, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் ஆனதும் இங்கே. கணவரை எரித்ததும் காவிரிக் கரையில். ஊரோடு போய்விடுகிறீர்களா என்று அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் அவர் சொல்லும் பதிலை என்னிடமும் சொன்னார்: “போய் இருக்கக் கேக்கேல்லை. போய்ப் பாத்திட்டு வரத்தான் கேக்கிறன்.”

இதைக் கேட்டபின் விமான நிலையத் திறப்பு விழாக்களின் பேச்சுகள் எனக்கு உறைக்கவில்லை. வர்த்தகம், சுற்றுலா, இரு நாட்டு உறவு என்று அடுக்கினார்கள். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த 183 கிலோமீட்டரின் மீது எவரையும்விட அதிக உரிமை உள்ளவர்கள் ஓடுதளத்துக்குப் பக்கத்து முகாமில் பெயர் கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அறுபது வயது கடந்த முகாம்வாசிகளுக்கு இரண்டு வாரம் போய்வர அனுமதி கொடுப்பது இரண்டு அரசாங்கங்களுக்கும் பெரிய காரியமே இல்லை. திருச்சியில் எழுதிக்கொண்டு ஏற்றிவிடலாம், பலாலியில் எழுதிக்கொண்டு இறக்கிவிடலாம், திரும்பும்போது அதே புத்தகத்தில் வரவு வைக்கலாம். வழி ஒன்று, விமானம் ஒன்று, இரண்டு முனையிலும் குடிவரவு மேசை இருக்கிறது. புதிய ஒப்பந்தம் வேண்டாம், உள்துறையின் ஓர் ஆணை போதும். காணி வேலிக்குள் இருப்பவர்களை வேலிவரை கூட்டிப்போய் எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லிப் பதிவுசெய்ய யாழ்ப்பாணத்துப் பிரதேச செயலகத்தால் முடியும். அந்த ஆலமரம் எங்கே நின்றது, காணி எங்கே தொடங்கியது என்று சொல்லக்கூடியவர்கள் எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு உறுதியை வாசிக்க ஆள் இருக்கும். இடத்தைக் காட்ட இருக்காது. இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.